மேபலின் பெயரையும் சேருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் இடைக்கால ஐரோப்பியப் பட்டுத் திருவுடைகளை (வழிபாட்டில் குருமார் அணிபவை) பற்றி வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். ஆனால் இங்கிலாந்தின் பூத்தையல் (எம்பிராய்டரி) உடைகளெல்லாம் கன்னியாஸ்திரிகள் மடத்துக்குள் ஜெபித்தபடி தைத்தவை என்று எழுதியிருப்பதை அப்படியே விட மனம் வரவில்லை. 13, 14-ஆம் நூற்றாண்டுகளில் இந்த வேலையில் பெரும்பகுதி நடந்தது லண்டன் பட்டறைகளில். ஆண்களும் பெண்களும் கூலி வாங்கிச் செய்த தொழில் அது. வத்திக்கானில் 1295-ல் எடுத்த பொருள் பட்டியலிலேயே நூற்றுக்கு மேற்பட்ட இங்கிலாந்து வேலைப்பாடுகள் இருக்கின்றன.

இங்கிலாந்தின் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஊரில் பூத்தையல் செய்த பெண் மேபல். அவர் பெயர் அந்நாட்டு மன்னர் மூன்றாம் ஹென்றியின் அரசுப் பதிவுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. 1239-லிருந்து சில ஆண்டுகள் திருப்பலி உடை உட்பட பல வேலைகளை மன்னர் அவரிடம் கொடுத்தார். 1256-ல் அந்த ஊருக்குப் போனபோதும் மறக்காமல், மேபல் உடுத்த அங்கிக்கென்று துணியும் முயல் ரோமமும் கொடுக்கச் சொன்னார். இப்படிப்பட்டவரைக் கட்டுரையில் காணோமே!

நான் எம்பிராய்டரி கற்றுத்தருபவள். லண்டன் விக்டோரியா அன்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள சையன் மேலங்கி என்ற குருமார் உடையை (சுமார் 1310-20) ‘தங்கத்தால் இழைத்தது’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். நம் சரிகை போலவே, பொன் முலாம் பூசிய மெல்லிய வெள்ளித் தகட்டைப் பட்டு நூலில் சுற்றிய இழை அது. அதைத் துணிமேல் கிடத்தி, கீழிருந்து வரும் லினன் நூலால் வளைத்து, ஊசி ஏறிய துளைக்குள்ளேயே இறக்கிச் சுண்டி இழுப்பார்கள். பொன்னிழை துளியூண்டு பின்பக்கம் போய் மாட்டிக்கொள்ளும். கட்டிய நூல் மேலே தெரியவே தெரியாது. அந்த ஒவ்வொரு மடிப்பும் கீல்மாதிரி வளைந்துகொடுப்பதால், அத்தனை தங்கம் இருந்தும் உடை விறைக்காமல் தோளில் படிந்து விழும். இந்தத் தையலை ஒரு சாண் போட்டுப் பார்த்தால்தான் எத்தனை பொறுமை வேண்டும் என்பது புரியும்.

அப்புறம், இங்கிலாந்து 16-ஆம் நூற்றாண்டில் போப்பின் திருச்சபையிலிருந்து பிரிந்த சமயச் சீர்திருத்தக் காலத்தில் இத்தகைய உடைகளை வெட்டினார்கள், தங்கத்துக்காக எரித்தார்கள். மிச்சம் கொஞ்சம்தான். அவற்றையாவது செய்தவர்களோடு சேர்த்து எழுதுங்கள். கட்டுரையை இணையத்தில் ஏற்றும்போது கன்னியாஸ்திரிகள் பற்றிய அந்த வரியைத் திருத்தி, மேபலுக்கு ஒரு பத்தி ஒதுக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி, பாளையங்கோட்டை