மருமகளே, இடது பக்கம் திரும்பு

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். தூத்துக்குடியிலிருந்து கன்னியாகுமரிக்குக் கடற்கரை வழியாக சைக்கிளில் வரப்போவதாகச் சொன்னாய். சுமார் 130 கிலோமீட்டர்தானே, ஒரே நாளில் முடித்துவிடலாமா மாமா என்று கேட்டாய். முடிக்கலாம். உன் வயதுக்கும் நீ வாங்கியிருக்கும் கியர் வண்டிக்கும் அது பெரிய தூரமே இல்லை. 2012 ஆடியில் நானும் ஒரே நாளில்தான் ஓட்டினேன். விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பி, இருட்டின பிறகு வந்து சேர்ந்தேன். வழியில் என்னவெல்லாம் பார்த்தீர்கள் என்று உன் அத்தை கேட்டாள். எனக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை. அந்த வருத்தம் தீர, பிறகு ரெண்டு தடவை அதே வழியில் மெதுவாகப் போனேன். நீ முதல் தடவையே நாலு நாள் ஒதுக்கிக்கொண்டு வா.

கடற்கரைச் சாலை என்று பேர். ஆனால் திருச்செந்தூர் தாண்டிவிட்டால் சாலையிலிருந்து கடல் பெரும்பாலும் கண்ணில் படாது. சாலை கொஞ்சம் உள்ளே தள்ளிப் போகிறது, மீனவ ஊர்கள் எல்லாம் கடலை ஒட்டி இருக்கின்றன. ஒவ்வொரு ஊருக்கும் இடது பக்கம் ஒரு கிளைச்சாலை பிரியும். போய்விட்டு அதே வழியில் திரும்ப வேண்டும். கிலோமீட்டர் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு அங்கே மனசு வராது. முதல் தடவை எனக்கும் வரவில்லை. மணப்பாட்டையும் உவரியையும் பெயர்ப்பலகையில் மட்டும் பார்த்துவிட்டுப் போனேன். இடது பக்கம் வழி பிரியும்போதெல்லாம் திரும்பு. இந்தக் கடிதத்தில் வேறெதை மறந்தாலும் இதை மறக்காதே.

மாசி மாதம் கிளம்பு. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று பாய்ந்து வரும். கரையில் இருப்பவர்கள் கச்சான் என்பார்கள். நீ தென்மேற்காக ஓட்டுகிறாய், அது உன் நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். கூடங்குளம் பக்கம் வண்டியை விட்டு இறங்கி நடந்தவன் நான். மாசியில் வாடையின் வேகம் தணிந்திருக்கும், கச்சான் பிறந்திருக்காது. காற்றாலைகளில் பாதி சும்மா நிற்கும். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்: திருச்செந்தூரில் மாசித் திருவிழா 12 நாள் நடக்கும். அந்த நாட்களில் அறை கிடைப்பது கஷ்டம்.

தூத்துக்குடியை விட்டு வெளியே வரும்வரை லாரிகள் அதிகம், ஓரமாகவே வா. முள்ளக்காடு பக்கம் உப்பளங்கள் தொடங்கும். வெயில் ஏறுவதற்கு முன்னால் அங்கே இருக்கப் பார். பாத்தியில் நிற்கும் தண்ணீரின் மேல் உப்பு முதலில் மெல்லிய ஏடாகப் படரும், பால் ஆடை மாதிரி. பிறகு அது கனத்து அடியில் இறங்கும். வாரி எடுத்த உப்பைப் பெண்கள் தலையில் சுமந்து வந்து கரையில் கொட்டுவார்கள். ஒரு அக்கா தன் பாதத்தைத் திருப்பிக் காட்டினார். வெள்ளையாக வெடித்து, விரலிடுக்கெல்லாம் புண். கண்ணும் கூசிப்போகுமாம், அதனால்தான் பலர் இருட்டிலேயே வேலைக்கு இறங்கிவிடுகிறார்கள். உப்பு அம்பாரத்தின் முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நீ எடுப்பதானால் அந்த அக்காக்களிடம் ரெண்டு வார்த்தை பேசிவிட்டு எடு.

பழையகாயல், முக்காணி, ஆத்தூர். தாமிரபரணியைப் பாலத்தில் தாண்டும்போது திடீரென்று வாழையும் வெற்றிலைக் கொடிக்காலுமாகக் கண் குளிரும். ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த அதே 2023-ன் கடைசியில்தான் பெருவெள்ளம் வந்து இந்தப் பக்கத்தையே புரட்டிப்போட்டது. டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. கடையில் டீ குடிக்கும்போது கேட்டுப் பார், தண்ணீர் எதுவரை நின்றது என்று சுவரில் கைவைத்துக் காட்டுவார்கள்.

இனி வலது பக்கம் திரும்ப வேண்டிய ஒரு இடம். திருச்செந்தூரிலிருந்து மேற்கே காயாமொழிப் பக்கம் போனால் தேரிக்காடு. கண்ணுக்கெட்டிய தூரம் செக்கச்செவேலென்று மணல் மேடுகள், மேலே பனையும் உடைமரமும். மணலில் கலந்திருக்கும் இரும்பு துருப்பிடித்ததால்தான் அந்தச் சிவப்பு. காற்றடிக்கும் காலத்தில் மணல் இடம்விட்டு இடம் நகரும்.

2019 பங்குனியில் அங்கே என் பின்சக்கரத்தில் உடைமுள் ஏறிவிட்டது. முதல் ஓட்டையை ஒட்டி முடித்துக் காற்றடித்தால் இன்னொரு ஓட்டை. கொண்டுபோன பசை காய்ந்துபோயிருந்தது. தண்ணீரும் தீர்ந்துவிட்டது. மணலில் வண்டியைத் தள்ள முடியாமல் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தேன். ஒரு விடிலி தெரிந்தது. விடிலி என்றால் பனையேறிகள் பருவத்துக்குப் போட்டுக்கொள்ளும் ஓலைக் குடிசை. உள்ளே ஒரு ஆச்சி பதநீர் காய்ச்சிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு குருத்தோலையை எடுத்து விரித்தார், மடித்தார், நுனியைக் கிழித்து அதே நாரால் ஒரு கட்டுப் போட்டார். பட்டை தயார். கலயத்திலிருந்து பதநீரைச் சாய்த்து ஊற்றினார். ரெண்டு கையாலும் ஏந்தி, ஓலை மடிப்பில் வாய்வைத்துக் குடித்தேன். பச்சை ஓலை வாசம், அடியில் லேசாகச் சுண்ணாம்பு வாடை. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவாவிட்டால் வெயில் ஏறுமுன் புளித்துக் கள்ளாகிவிடும். மூன்று பட்டை குடித்தேன். காசு கொடுத்தபோது, குடிக்கிற தண்ணிக்குக் காசு வாங்குவாவளா என்று கோபித்துக்கொண்டார்.

அவர் வீட்டுக்காரர் அன்று காலையில் ஏறி இறங்கியது முப்பது பனை. சாயங்காலம் மறுபடியும் ஏற வேண்டும். காலையிலும் மாலையிலும் பாளையைச் சீவிவிடாவிட்டால் பதநீர் சுரப்பது நின்றுபோகும். மகன்கள் ரெண்டு பேரும் வெளியூரில் கடை வேலைக்குப் போய்விட்டார்கள். எங்களோடு இது முடிஞ்சிரும் என்று அந்தப் பெரியவர் சொன்னதை நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அதே தேரிக்குள் அருஞ்சுனை காத்த அய்யனார் கோவிலில் ஒரு சுனை இருக்கிறது, நல்ல தண்ணீர். திருச்செந்தூரில் அலையடிக்கும் தூரத்தில் நாழிக்கிணறு. மணப்பாட்டில் கடலைப் பார்த்த குகைக்குள் ஒரு கிணறு. மூன்றும் கடலுக்குப் பக்கம்தான், மூன்றிலும் உப்புக் கரிக்காது. மழைத் தண்ணீரை மணல் அப்படியே குடித்துவிடுகிறது. நல்ல தண்ணீர் எடை குறைவு என்பதால் உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்து நிற்கிறது. ஆழமாகத் துளையிட்டு மோட்டார் போட்டு உறிஞ்சினால் உப்பு மேலே ஏறிவிடும். அப்படிக் கெட்டுப்போன கிணறுகளையும் வழியில் பார்ப்பாய்.

குலசேகரன்பட்டினத்தில் தசரா இல்லாத நாளில் முத்தாரம்மன் கோவில் அமைதியாக இருக்கும். இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியது இங்கேதான். இங்கிருந்து விட்டால் ராக்கெட் இலங்கையைச் சுற்றி வளையாமல் நேராகத் தெற்கே போகலாம். கடலுக்குப் போகிறவர்களுக்குத் தங்கள் கரை என்ன ஆகுமோ என்ற கவலை இருக்கிறது. ரெண்டு பக்கப் பேச்சையும் கேள்.

மணப்பாட்டில் ஒரு ராத்திரி தங்கு. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல் குன்றின் மேல் திருச்சிலுவை கோவில், 1581-ல் கட்டியது. பிரான்சிஸ் சவேரியார் தங்கி ஜெபித்ததாகச் சொல்லும் குகை அதன் அடிவாரத்தில். சாயங்காலம் மேலே ஏறிப் பார்: ஒரு பக்கம் திறந்த கடல், மறுபக்கம் ஆற்றுமுகத்தில் தேங்கின தண்ணீர், நடுவில் விரல் மாதிரி ஒரு மணல்திட்டு. விடிந்ததும் கரைக்குப் போ. ஃபைபர் படகுகள் வந்து சேரும்போது சாளையும் சூடையும் ஊளியும் மணலில் கொட்டி ஏலம் போவதைப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் ஏலம் கிடையாது. அன்று கடலுக்குப் போக மாட்டார்கள்.

உவரியில் சுயம்புலிங்க சுவாமி கோவிலில் நேர்ந்துகொண்டவர்கள் கடலில் முங்கி, ஈர மண்ணை ஓலைப்பெட்டியில் சுமந்து வந்து கரையில் கொட்டுவார்கள். கொஞ்ச தூரத்தில் கப்பல் வடிவில் மாதா கோவில். இடிந்தகரையில் லூர்து மாதா கோவில் முன்னால் வண்டியை நிறுத்து. 2011-ல் அணு உலை வேண்டாமென்று ஊர் ஊராகத் திரண்டு வந்து உண்ணாவிரதம் இருந்த இடம் அது. உலைகளின் குவிமாடம் அந்தக் கரையிலிருந்தே தெரியும். அங்கே உள்ள பெண்கள் அந்த நாட்களைப் பற்றிப் பேசினால் குறுக்கே பேசாமல் கேள்.

அதன் பிறகு பாதை எளிது. வட்டக்கோட்டையின் மதிலில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு வா.

ஒல்லி டயர் வேண்டாம், தடித்த டயர் போடு. ரெண்டு ட்யூபும் புதுப் பசையும் எடுத்துக்கொள். உப்புக்காற்று ஒரே ராத்திரியில் செயினைத் துருப்பிடிக்க வைக்கும். தங்குகிற இடத்தில் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் விடு. உன் தோழியையும் கூட்டிக்கொண்டு வருவதாக உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய், அந்தச் சொல்லை மாற்றாதே. உடைமரக்காட்டு வழிகளில் வெயில் சாய்ந்த பிறகு ஓட்ட வேண்டாம்.

வருகிற வழியில் உடன்குடியில் ரெண்டு கிலோ கருப்பட்டி வாங்கி வா. ஒன்றை உடைத்துக் காட்டச் சொல். உள்ளே மங்கலாக, தவிட்டு நிறத்தில் இருந்தால் வாங்கு. பளபளவென்று மின்னினால் சீனி கலந்தது, வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போ. உன் அத்தை சுக்குக்காப்பிக்கு அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
மாமா