காரை ஊருக்கு வெளியே நிறுத்து

கோயம்புத்தூர்
ஞாயிறு மாலை

அன்புள்ள மீனா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. பேரனுக்கு இரண்டு பல் முளைத்துவிட்டது, அப்பா கைத்தடி இல்லாமல் கோயில் வரை போய் வருகிறார் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டிவி பார்க்கக் கண்ணாடி வேண்டாம் என்கிறார். ஊசியில் நூல் கோக்க மட்டும் இன்னும் என்னைத்தான் கூப்பிடுகிறார். உன்னை ரொம்பவும் விசாரித்தார்.

முப்பதாவது கல்யாண நாளுக்கு நீங்கள் இருவரும் செப்டம்பரில் இத்தாலி போவது எனக்கே போவது மாதிரி சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் "ரோமில் இறங்கியதும் ஏர்போர்ட்டிலேயே கார் எடுத்து பத்து நாளும் ஓட்டப் போகிறோம்" என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் மற்ற வேலையெல்லாம் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். வேண்டாம்டி. கார் எடு, கட்டாயம் எடு. ஆனால் பத்து நாளுக்கு எடுக்காதே. அங்கே ஊருக்கும் ஊருக்கும் நடுவில்தான் கார் வேண்டும், ஊருக்குள் அது வெறும் தொல்லை. நானும் தங்கையும் இரண்டு வருடத்துக்கு முன்னால் போனபோது இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். டஸ்கனியில் ஒரு மலையூர், மதில் சூழ்ந்த பழைய ஊர். மாலை ஆறு மணிக்கு ஹோட்டலைத் தேடிக்கொண்டு உள்ளே போனோம். மதில் வாசலில் வெள்ளை வட்டம், சுற்றிலும் சிவப்பு வளையம். மேலே மின் பலகையில் 'வார்கோ அத்தீவோ' என்று எரிந்தது. 'ஆக்டிவ்' என்றால் திறந்திருக்கிறது என்று நினைத்துவிட்டேன். கேமரா விழித்திருக்கிறது, நுழையாதே என்பதுதான் அதன் பொருள். 'நோன் அத்தீவோ' என்று இருந்தால் மட்டுமே போகலாம். வழி தவறிச் சுற்றி, அதே வாசலில் இருபது நிமிடத்தில் இரண்டாம் முறையும் நுழைந்தேன். யாரும் தடுக்கவில்லை, விசில் சத்தம்கூட இல்லை. இரண்டு மாதம் கழித்துக் கார் கம்பெனி என் கார்டிலிருந்து ஐம்பது யூரோ போல எடுத்தது. அது அபராதம் இல்லை, என் பெயரையும் விலாசத்தையும் போலீசுக்கு எழுதிக் கொடுத்ததற்கான கட்டணம். அதற்கும் பிறகு, நான் எல்லாவற்றையும் மறந்திருந்த ஒரு நாள், பதிவுத் தபாலில் இரண்டு உறை வந்தது. நுழைந்த ஒவ்வொரு தடவைக்கும் தனி அபராதம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு நோட்டீஸ் அனுப்ப அவர்களுக்கு 360 நாள் அவகாசம் உண்டாம். பணம் போனதைவிட, அத்தனை அழகான பயணத்தின் நினைவோடு அந்த உறைகளும் ஒட்டிக்கொண்டதுதான் எனக்கு வருத்தம்.

இசட்.டி.எல். என்று அதற்குப் பெயர், போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வட்டாரம். ரோம், ஃபுளோரன்ஸ், சியெனா, பீசா, பொலோன்யா எல்லாவற்றிலும் பழைய நகரத்தைச் சுற்றி இது இருக்கிறது. குதிரைக்கும் மனிதருக்கும் போட்ட தெருக்களில் கார் நெருக்கியடிக்கக் கூடாது என்பதற்காக வைத்தது. நடந்து பார்த்தபோது அது சரி என்றே எனக்கும் பட்டது. கூகுள் மேப் எல்லா இடத்திலும் இதை எச்சரிக்கும் என்று நம்பாதே, வாசலில் உன் கண்தான் பார்க்க வேண்டும். ஹோட்டல் வட்டாரத்துக்குள் இருந்தால், போவதற்கு முன்பே கார் நம்பரை அவர்களுக்கு அனுப்பி, பதிவு செய்துவிட்டோம் என்று பதிலும் வாங்கிக்கொள். வாய்வார்த்தை போதாது.

அதனால் என் யோசனை இது. ரோமில் கார் இல்லாமல் மூன்று நாள் இருங்கள். ராத்திரி முழுக்க விமானத்தில் வந்தவர்கள் அன்றைக்கே ஸ்டியரிங் பிடிக்கவும் கூடாது. அங்கிருந்து ரயிலில் ஃபுளோரன்ஸ், சுமார் ஒன்றரை மணி நேரம். அங்கேயும் நடைதான். கிளம்பும் நாளன்று டிராம் பிடித்து ஃபுளோரன்ஸ் ஏர்போர்ட்டுக்குப் போய்க் கார் எடுங்கள். ஸ்டேஷன் பக்கத்து ஆபீசில் எடுத்தால் முதல் பத்து நிமிடமே கேமராக்களுக்கு நடுவில் ஓட்ட வேண்டியிருக்கும். பிறகு கியாந்தி மலைகள் வழியாக சியெனா, அங்கிருந்து பியென்ஸா, ஓர்வியேத்தோ. கடைசி நாள் ரோம் நகருக்குள் நுழையாமல் நேரே ஃபியுமிச்சினோ ஏர்போர்ட்டில் காரை விட்டுவிட்டு விமானம் ஏறுங்கள். எடுத்த இடம் வேறு, விடும் இடம் வேறு என்பதால் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். முன்பதிவின்போதே விசாரித்துக்கொள்.

இந்த மாதமே செய்ய வேண்டியவை சில உண்டு. நம் லைசென்ஸ் மட்டும் இத்தாலியில் போதாது. ஆர்டிஓவில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கு. பரிவாஹன் தளத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் 1000 ரூபாய், ஒரு வருடம் செல்லும். அங்கே ஒரிஜினல் லைசென்சும் கூடவே இருக்க வேண்டும். அடுத்தது கிரெடிட் கார்டு. உன் வீட்டில் நீதான் ஓட்டப் போகிறாய், கார்டு அவர் பெயரில் என்று எனக்குத் தெரியும். அப்படிப் போய் நின்றால் கவுன்டரில் சாவி தரமாட்டார்கள். ஓட்டுபவர் பெயரிலேயே கார்டு வேண்டும், டெபாசிட்டாக ஒரு பெரிய தொகையை அதில் நிறுத்தி வைப்பார்கள் என்பதால் லிமிட்டும் தாராளமாக இருக்கட்டும். அவரும் ஓட்டுவதாக இருந்தால் பெயரைச் சேர்த்துவிடு. ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டி ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் நிற்காது. ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் இப்போதே சொல்லி வை. அங்கே பாதிக்கு மேல் கிளட்ச் வண்டிதான் கையில் கொடுப்பார்கள், இடது கையால் கியர் போட்டுப் பழகிய நமக்கு வலது கையால் போடுவது முதல் நாள் பெரும்பாடு.

இன்சூரன்ஸ் தாளில் 'எல்லாம் அடக்கம்' என்று இருந்தாலும் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் பெரும்பாலும் அடங்காது. பண்ணை வீடுகளுக்குப் போகும் வெள்ளைச் சரளை ரோடுகளில் இதுதான் அடி வாங்கும். சாவி வாங்கியதும் வண்டியைச் சுற்றி நிதானமாக வீடியோ எடு. நாலு சக்கரத்தின் ரிம்மையும் குனிந்து எடு.

இப்போது ஓட்டுவதைப் பற்றி. கிளம்புவதற்கு முன் பார்க்கிங்கிலேயே அரை மணி நேரம் உட்கார். நம் வண்டிகளில் பெரும்பாலும் இண்டிகேட்டர் வலது பக்கம், அங்கே இடது பக்கம். முதல் நாள் நான் திரும்பிய ஒவ்வொரு திருப்பத்திலும் வைப்பர்தான் ஆடியது. ரோட்டில் ஒன்றை மட்டும் மனசில் வை: ஊரில் போலவே அங்கேயும் நடுக்கோடு ஓட்டுபவர் பக்கம்தான். அது உன் இடது தோளுக்கு அருகில் இருந்தால் நீ சரியான இடத்தில் இருக்கிறாய். கோடே இல்லாத சின்ன ரோட்டில்தான் கஷ்டம். வலது பக்கம் உட்கார்ந்தே பழகிய உடம்பு, தெரியாமல் காரை வலது ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போகும். கிரேவே ஊர் தாண்டி ஒரு கல்சுவர் ஓரமாகப் போனபோது தங்கை சட்டென்று தன் தோளை உள்ளே இழுத்துக்கொண்டாள். அதைப் பார்த்துத்தான் சுவர் எவ்வளவு கிட்டே என்று எனக்குத் தெரிந்தது. அப்புறம் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். சுவரோ சாக்கடையோ நெருங்கினால் அவள் 'வலது' என்று ஒரே ஒரு சொல் சொல்வாள், நான் இடது பக்கம் ஒதுக்குவேன். அவரிடம் இந்த வேலையைக் கொடு. மற்றபடி பேசச் சொல்லாதே.

கூட்டம் இருக்கும் ரோட்டில் முன்னால் போகிறவனைப் பார்த்தே சரியாகப் போய்விடுவோம். காலியான ரோடுதான் ஆபத்து. காலை ஏழு மணிக்கு பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வந்தேன், கண்ணுக்கெட்டிய தூரம் வண்டி இல்லை. கை தன்பாட்டுக்கு இடது பக்கத்தைப் பிடித்தது. தங்கை கத்திய கத்தல் இப்போதும் காதில் கேட்கிறது. பங்க், ஹோட்டல், பார்க்கிங், எங்கிருந்து வெளியே வந்தாலும் வாய்விட்டு 'வலது பக்கம்' என்று சொல்லிவிட்டுக் கிளம்பு. ரவுண்டானாவில் நம் ஊருக்கு நேர் எதிராகச் சுற்ற வேண்டும். இடது பக்கம் பார்த்து, உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு வழி விட்டு நுழை. வெளியே போகும் வழி தெரியவில்லையா, இன்னொரு சுற்றுச் சுற்று. யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள்.

நெடுஞ்சாலைக்குப் பச்சைப் பலகை, மற்ற பெரிய ரோடுகளுக்கு நீலம். நெடுஞ்சாலையில் 130, மழை பெய்தால் 110. இடது லேன் ஓவர்டேக் செய்ய மட்டும், முடிந்ததும் வலது பக்கம் திரும்பிவிடு. ஒரு கேமராவைக் கண்டு மெதுவாகப் போய்ப் பிறகு மிதிப்பதும் பலிக்காது, பல இடங்களில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே சராசரி வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். சுங்கச்சாவடியில் நுழையும்போது டிக்கெட் எடு, வெளியேறும்போது கட்டு. மஞ்சள் நிற டெலிபாஸ் லேன் நம் ஃபாஸ்டாக் மாதிரி, அதில் போகாதே. தெரியாமல் போய்விட்டால் பின்னால் மட்டும் எடுக்காதே. உதவி பட்டனை அழுத்தினால் ஒரு சீட்டு வரும், பதினைந்து நாளுக்குள் கட்டிவிடலாம். 2024 டிசம்பரிலிருந்து போன் கையிலிருந்தால் குறைந்தது 250 யூரோ அபராதம். அதனால் போன் ஸ்டாண்டு ஒன்றை இங்கிருந்தே வாங்கிக்கொண்டு போ.

பங்கில் 'பென்ஸீனா' என்றால் பெட்ரோல், 'கஸோலியோ' என்றால் டீசல். பெயரைக் கேட்டால் குழப்பும். குழாயில் வட்டத்துக்குள் ஈ5, ஈ10 என்று இருந்தால் பெட்ரோல், சதுரத்துக்குள் பி7 என்று இருந்தால் டீசல். டேங்க் மூடியின் உட்புறமும் அதே குறி இருக்கும், இரண்டையும் ஒத்துப் பார்.

சியெனாவில் மதிலுக்கு வெளியே காரை விட்டால் மேலே ஏற எஸ்கலேட்டர் இருக்கிறது. ஓர்வியேத்தோவிலும் கம்போ தெல்லா ஃபியேரா பார்க்கிங்கிலிருந்து அப்படியே ஏறலாம், உன் முழங்காலுக்குத் தொந்தரவு இல்லை. ஒருவேளை காரோடு ஃபுளோரன்ஸ் திரும்ப வேண்டி வந்தால், ஏ1 நெடுஞ்சாலையிலிருந்து நேரடியாக நுழையும் வில்லா கோஸ்தான்ஸா பார்க்கிங்கில் விட்டுவிட்டு டிராமில் போ. தெருவில் நிறுத்தினால் வெள்ளைக் கோடு இலவசம், நீலத்துக்குக் காசு, மஞ்சள் நமக்கில்லை.

இவ்வளவு சொல்லிப் பயமுறுத்திவிட்டேனோ என்று இருக்கிறது. பியென்ஸாவிலிருந்து சான் குவிரிகோ போகும் ரோட்டை மட்டும் விட்டுவிடாதே. செப்டம்பரில் அங்கே பச்சை இருக்காது. அறுப்பு முடிந்து உழுத மண், பெரிய பெரிய கட்டிகளாக, சாம்பலும் காவியும் கலந்த நிறத்தில் குன்று குன்றாகப் போகும். நடுவே நாலைந்து சைப்ரஸ் மரங்கள். மாலை வெயில் சாய்ந்து விழும்போது ஒவ்வொரு உழவுச் சாலுக்கும் தனித்தனி நிழல். காரை ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்தினோம். எங்கேயோ ஒரு டிராக்டர் சத்தம் மட்டும். தங்கை "அப்பா இதைப் பார்த்திருக்கணும்" என்றாள். அவருக்கு மண் என்றால் உயிர் என்று உனக்குத்தான் தெரியுமே. பஸ்ஸில் போயிருந்தால் அந்த இடத்தில் நின்றிருக்க முடியாது. அதற்காகத்தான் கார் எடு என்கிறேன்.

அது திராட்சை அறுவடைக் காலம். கியாந்தி ரோடுகளில் திராட்சை ஏற்றிய டிராக்டர்கள் உன் முன்னால் ஊர்ந்து போகும். அவசரப்பட்டு ஓவர்டேக் செய்யாதே. பின்னால் வருபவர் அவசரப்பட்டால் ஓரமாக ஒதுங்கி வழி விடு. ஃபுளோரன்சிலிருந்து சியெனாவுக்கு எழுபது கிலோமீட்டர்தான் என்றாலும் அந்த மலைப்பாதைக்கு அரை நாள் வை. ஆபத்து என்றால் 112.

இந்தக் கடிதத்தோடு ஒரு நீல அட்டை வைத்திருக்கிறேன், வட்டமான தட்டு சுழலும். சில வெள்ளைக் கோட்டு இடங்களில் ஒரு மணி நேரம்தான் நிறுத்தலாம். வந்து சேர்ந்த நேரத்துக்குத் தட்டைத் திருப்பி முன் கண்ணாடிக்குள் வைத்துவிட வேண்டும். அங்கே ஒரு சிகரெட் கடையில் வாங்கியது. கடைசியாக நாங்கள் நிறுத்தியபோது வைத்த நாலரை மணியிலேயே இன்னும் நிற்கிறது. நீ போய்த் திருப்பிக்கொள்.

உன் அன்பு
வசந்தி