பால் மறந்த குட்டிகளுக்கு ஒரு வேளை மருந்து: கால்நடைத் துறை அதிகாரிகளுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

வெண்பன்றி வளர்க்கும் ஒருவன் எழுதுகிறேன். பால் மறக்கடித்த குட்டிகளுக்கு வரும் கழிச்சலைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. போன மாதம் என் கொட்டிலில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

பதினொரு குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து ஐந்தாம் நாள். விடியற்காலையில் தீவனம் வைக்கப் போனால், கதவுச் சத்தத்துக்கே ஓடிவரும் குட்டிகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. வாலும் தொடையும் ஈரம். ஒன்றைத் தூக்கித் தோலைக் கிள்ளினேன். விட்ட பிறகும் மடிப்பு அப்படியே நின்றது. உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரை என் மனைவி ஊசிக்குழலில் எடுத்து இரவெல்லாம் ஒவ்வொன்றின் வாயிலும் விட்டுக்கொண்டிருந்தாள். நான்கு நாளில் ஆறு செத்தன. மருத்துவர் வந்தார், ஊசி போட்டார், "இதற்கும் கிருமி பழகிவிட்டது" என்றார். அவர்மேல் எனக்குக் குறையில்லை.

2019 ஜூலையில் உணவுக்கு வளர்க்கும் விலங்குகளுக்கு, கழிச்சலுக்கும் கொடுத்துவந்த கோலிஸ்டின் என்ற கிருமிக்கொல்லி மருந்து கூடாது என்று மத்திய அரசு தடை விதித்தது. சரியான முடிவு. மனிதர்களுக்குக் கடைசிக் கைத்துணையாக இருக்கும் மருந்தைக் கொட்டிலில் வீணாக்கக் கூடாதுதான். ஆனால் ஒன்றைப் பறித்தால் மாற்றாக இன்னொன்றைக் கொடுக்க வேண்டாமா?

மாற்று இருக்கிறது. இந்தக் கழிச்சலைத் தரும் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவில், நோய் உண்டாக்கும் திறனற்ற, உயிருள்ள வகையை வாய்வழியாக ஒரே ஒரு வேளை கொடுக்கும் தடுப்பு மருந்துக்கு ஐரோப்பாவில் 2015-லேயே அனுமதி கிடைத்துவிட்டது. பிறந்து 18 நாளான குட்டிக்குக் கொடுக்கலாம். ஏழு நாளில் பாதுகாப்பு தொடங்கி மூன்று வாரம் நிற்கும். தாய்ப்பால் தந்த காவல் நின்றுபோகும் நாட்கள் அவைதானே? குடலில் வரும் நோயைக் குடலிலேயே தடுக்கிறது. நாம் தெருத்தெருவாகக் குழந்தைகளுக்குக் கொடுத்த போலியோ சொட்டு மருந்தும் இதே வழிதான். அதில் வலுவிழந்த வைரஸ், இதில் பாக்டீரியா. நான் கேட்ட எந்தக் கால்நடை மருந்துக் கடையிலும் இது இல்லை. இதை எங்களுக்குக் கிடைக்கச் செய்யுங்கள்.

மாட்டுக்குக் கோமாரி முகாம் நடக்கிறது. ஆட்டுக்கு ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி ஊருக்கே வருகிறது. பன்றி என்றதும் மனுவை வாங்கும் கைகூடத் தயங்குகிறது. நாங்களும் வங்கிக் கடனில்தான் கொட்டில் கட்டியிருக்கிறோம். எங்கள் குட்டி சாவதும் சாவுதான்.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்தருளுங்கள். கேட்பது இரண்டு. எங்கள் பகுதியில் எந்த வகை ஈ.கோலை பரவுகிறது என்று சாணம் எடுத்துச் சோதியுங்கள். வகை பொருந்தாவிட்டால் மருந்து பலிக்காது. பொருந்தினால், அந்த வாய்வழி மருந்தை மானிய விலையில் கால்நடை மருந்தகங்களில் கிடைக்கச் செய்யுங்கள்.

எப்போது கிடைக்கும் என்று ஒரு வரி பதில் போதும். என் அடுத்த தாய்ப்பன்றி இன்னும் மூன்று வாரத்தில் ஈனும்.

பணிவன்புடன்,
ஒரு வெண்பன்றி வளர்ப்பாளன்