பேரனின் மூச்சு குறித்து

உ
சிவமயம்

தேவகோட்டை

அன்புள்ள மகனுக்கு அப்பச்சி எழுதுவது. இங்கு நானும் ஆத்தாவும் நலம். அங்கு அனைவரின் நலமறிய ஆவல்.

பேரனின் எடை குறைய இரைப்பையில் அறுவை செய்யலாம் என்று ஹூஸ்டன் மருத்துவர்கள் சொன்னதற்கு, “பதினாறு வயதுப் பிள்ளையை அழகுக்காகக் கத்திக்குக் கொடுப்பதா?” என்று நீ போனில் வருந்தினாய். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், சென்ற ஆனியில் அவன் வளவில் ஆத்தங்குடிக் கல்லின் குளிர்ச்சிக்காகப் பாய் விரித்துப் படுத்த இரவு வரை. முகப்பு வரை கேட்ட குறட்டை சட்டென நின்றது. நெஞ்சும் வயிறும் எதிரெதிராக ஏறி இறங்கின, மூக்கருகே கை வைத்தால் காற்று இல்லை. கடிகாரத்தில் 20 நொடி கடந்த பிறகே திணறலோடு மூச்சு திரும்பியது. எத்தனை முறை என்று எண்ணத் தொடங்கி, பயந்து விட்டுவிட்டேன். பந்தியில் உட்கார்ந்தபடியே தூங்கிய அவனைச் சோம்பேறி என்று ஏசியவனும் நான்தான்.

நம் பங்காளி வீட்டு டாக்டரிடம் விவரம் கேட்டேன். தொண்டையைச் சுற்றிச் சேர்ந்த கொழுப்பு தூக்கத்தில் மூச்சுவழியை நெருக்குகிறது. மல்லாந்து படுத்தால் வயிற்றின் பாரம், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள உதரவிதானத் தசையை மேலே தள்ளுவதால், மூச்சு விட்டபின் நுரையீரலில் தங்க வேண்டிய காற்றும் குறைந்துவிடுகிறது என்றார். எடை இறங்கினால் இவ்விரண்டும் தளரும். அமெரிக்காவின் சின்சினாட்டியில் இந்த அறுவைக்கு வந்த 34 வளரிளம் பருவத்தினரில் 19 பேருக்குத் தூக்க மூச்சுத்தடை இருந்ததாக 2005இல் வெளியான ஆய்வு சொல்கிறது. எடை குறைந்தபின் மறுபரிசோதனை செய்துகொண்ட 10 பேருக்கு, மணிக்கு 9 முறை அளவில் இருந்த தடை ஒன்றுக்கும் கீழே இறங்கியது. பத்துப் பேர் என்பது சிறிய கணக்குத்தான். ஆனாலும் அந்த இரவைப் பார்த்த எனக்கு அது பெரிதாகத் தெரிகிறது.

கெடுதலையும் மறைக்க மாட்டேன். எடைக்காக அறுவை செய்துகொண்ட 242 பிள்ளைகளை மூன்றாண்டுகள் தொடர்ந்து பார்த்த இன்னொரு ஆய்வில் சராசரியாக 27 சதவீத எடை குறைந்தது. ஆனால் 13 சதவீதம் பேருக்கு வயிற்றில் மீண்டும் சிகிச்சை தேவைப்பட்டது, பாதிக்கு மேற்பட்டோருக்கு இரும்புச்சத்து குறைந்தது. வைட்டமின் மாத்திரையை ஆயுள் முழுதும் அவன் விடக் கூடாது.

அறுவைக்கு முன்பே ஓர் இரவு தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தூக்கத்தில் முகமூடி வழியே காற்றைச் செலுத்தி மூச்சுவழியைத் திறந்து வைக்கும் சிபாப் கருவி கொடுத்தால், எடை குறைந்துவிட்டது என்று நீங்களாக நிறுத்தாமல், மறுபரிசோதனைக்குப் பிறகு டாக்டர் சொன்னால் மட்டும் நிறுத்துங்கள். அறுவை முடிந்ததும் நுரையீரல் விரிய மூன்று பந்துள்ள கருவியைத் தரக்கூடும். என் இதய அறுவைக்குத் தந்தது இன்னும் அலமாரியில் இருக்கிறது. அதை ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். முதல் நாள் முழுக்க நான் ஊதிக்கொண்டிருந்து நர்ஸிடம் திட்டு வாங்கியதை அவனிடம் சொல்.

இப்படிக்கு,
அப்பச்சி