எக்ஸ்ட்ரா: பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் ஒப்பந்ததாரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஒப்பந்ததாரர்களுக்கும் மேஸ்திரிகளுக்கும் வணக்கம்.

கும்பகோணத்தில் என் தாத்தா கட்டிய வீட்டைப் பழுதுபார்க்கும் வேலையை உங்களில் ஒருவரிடம் ஒப்படைத்தேன். ஆவணியில் தொடங்கித் தைக்குள் முடிப்பது, 9 லட்சம் என்பது பேச்சு. முடிந்தது சித்திரையில், செலவு 14 லட்சம். சண்டைக்காக இதை எழுதவில்லை. அவர் ஏமாற்றுக்காரர் அல்லர், கைவேலையும் சுத்தம். ஆனால் அந்த 5 லட்சமும் ஒரே சொல்லின் வழியாகத்தான் வெளியேறியது: எக்ஸ்ட்ரா.

எக்ஸ்ட்ராவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வேலை முடிந்த பிறகு சனிக்கிழமைக் கூலிக் கணக்கோடு சேர்த்துச் சொல்லாமல், உளி வைக்கும் முன்பே எழுதிக் காட்டுங்கள் என்கிறேன்.

எங்கள் கூடத்துக் கூரை மெட்ராஸ் தெரசு. தேக்கு உத்தரம், அதன்மேல் சிறு மரச் சட்டங்கள், சட்டங்களின்மேல் சுண்ணாம்பு வைத்து நிறுத்தி அடுக்கிய செங்கல், அதற்கும் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து இடித்த தளம், கடைசியாகத் தட்டோடு. இவ்வளவுக்கும் உங்கள் மதிப்பீட்டில் ஒரே வரி: "ஒழுகும் இடத்தில் சிமென்ட் பூசுதல்." சுண்ணாம்புத் தளம் வெயிலுக்கும் மழைக்கும் சற்று அசைந்து கொடுக்கும், சிமென்ட் கொடுக்காது. ஐப்பசி மழையில் பூச்சு வெடித்தது. உள்ளே இறங்கிய நீர் வெளியேற வழியின்றித் தங்கிவிட்டது. பிரித்துப் பார்த்தால், சுவருக்குள் புதைந்திருந்த இரண்டு சட்ட முனைகள் ஏற்கெனவே இற்றுப்போயிருந்தன. சட்டம் மாற்றியது எக்ஸ்ட்ரா. பூசிய சிமென்டைக் கொத்தி எடுத்ததும் எக்ஸ்ட்ரா! முதல் நாளே ஏணி போட்டு ஏறி, அந்த முனைகளைத் திருப்புளியால் குத்திப் பார்த்திருந்தால் ஒரு மணி நேரத்தில் தெரிந்திருக்கும். புது வீட்டுக்குச் சதுர அடிக் கணக்கு சரி. பழைய வீட்டுக்கு அது ஜோசியம்.

எக்ஸ்ட்ராவுக்குப் பணம் சொல்கிறீர்கள், நாள் சொல்வதில்லை. கூரை வேலை நீண்டதால், வயர் பதிக்கச் சுவரில் காடி வெட்ட வந்த எலக்ட்ரீஷியன் திரும்பிப் போனார். வேறு இடத்தில் வேலை பிடித்துக்கொண்டவர் மீண்டும் வர மூன்று வாரம். நடுவில் தீபாவளி. தைக்குள் முடிக்கும் அவசரத்தில் ஈரம் காயாத சுவரில் பட்டி பார்த்தார்கள். மாசியில் அது பொரிந்து உதிர்ந்தது.

என் பங்குப் பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். குளியலறையில் டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகு, மைத்துனர் வீட்டில் எதையோ பார்த்துவிட்டு வந்து, கழிப்பறைக் கோப்பையை எதிர்ச் சுவருக்கு மாற்றச் சொன்னேன். உடைத்து, குழாயை மாற்றி, மறுபடி இரண்டு நாள் தண்ணீர் தேக்கிச் சோதித்தார்கள். அந்தச் செலவை ஒப்பந்ததாரர் தலையில் கட்டினால் என் நாக்கு அழுகிவிடும்.

பொதுப்பணித் துறையில் 'எம்-புக்' (M-Book) என்ற அளவுப் புத்தகம் உண்டு. செய்த வேலையை அளந்து அதில் பதிந்த பிறகே பில். வீட்டு வேலைக்கு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, கண்ட பழுது, நீள அகலம், தொகை, தள்ளிப்போகும் நாள், இருவர் கையெழுத்து. கூடவே இன்னொன்று: இதைக் கேட்டது வீடா, நானா, அல்லது நீங்கள் எழுத மறந்ததா? முதல் இரண்டுக்கும் பணம் என்னுடையது. மூன்றாவதற்கு நான் ஏன் தர வேண்டும்?

"எல்லாவற்றையும் முதலிலேயே எழுதினால் தொகை ஏறும், வேலை குறைத்துச் சொன்னவனுக்குப் போய்விடும்" என்பீர்கள். உண்மைதான். நானும் மூன்று மதிப்பீடுகளில் குறைந்ததைத்தான் எடுத்தேன். அதற்கு வழி, பார்வையிடுவதற்கே ஒரு நாள் கூலி கேட்பது. வேலை உங்களுக்குக் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அதைத் தருகிறேன்.

இன்னும் பின்கட்டு பாக்கி இருக்கிறது. ஆடி கழிந்ததும் தொடங்கலாம் என்றிருக்கிறேன். வருபவர் திருப்புளி கொண்டுவரட்டும். நோட்டு வாங்கிவிட்டேன்.

இப்படிக்கு,
பழைய வீட்டுக்காரன் ஒருவன்