புல்லர் எடுக்கச் சொன்னவருக்கு நன்றி
காரின் முன்சக்கரத்தில் லோயர் ஆர்மையும் (கீழ்க் கை) சக்கரத்தைத் தாங்கும் நக்கிளையும் இணைக்கும் பால் ஜாயின்ட்டைப் (உருண்டை மூட்டு) பிரிக்க, ஆப்பு போல அடிக்கும் ஃபோர்க் வேண்டாம், திருகு வைத்த புல்லர் எடுங்கள் என்ற நண்பருக்கு மனமார்ந்த நன்றி. ஃபோர்க் அடித்தால் ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் (உறை) கிழியும். கிரீஸ் கசிந்து, தண்ணீரும் மண்ணும் புகுந்து, நல்ல ஜாயின்ட்டும் சீக்கிரமே லொடலொடக்கும். ஜாயின்ட்டையே மாற்றுவதானால் ஃபோர்க் பரவாயில்லை.

புல்லரின் வாய் அகலத்தை அளந்து வாங்கச் சொன்னதுதான் பெரிய உதவி. அகலம் கூடினால் வழுக்கும், குறைந்தால் உள்ளேயே போகாது.

நட் கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்னை உருவிவிட்டு, காசில் நட்டை (தலையில் பள்ளங்கள் வெட்டிய நட்) சில மரையில் விட்டுவைத்தே புல்லரை இறுக்க வேண்டும். இல்லையேல் ‘டப்’பென்று விடும்போது ஆர்ம் துள்ளும். விடவில்லையா? இறுக்கம் இருக்கும்போதே நக்கிளின் பக்கவாட்டில் சுத்தியலால் ஒரு தட்டு! திரும்பப் பூட்டும்போது பின் துளை நேராகாவிட்டால் நட்டைத் தளர்த்தாதீர்கள். அடுத்த பள்ளம்வரை இறுக்குங்கள்.