சரவணம்பட்டி அபார்ட்மெண்ட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்

அன்புள்ள அம்மிணிக்கு,

அம்மா எழுதுவது. போனில் பேசினால் நீ நடுவில் "மீட்டிங்" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் இந்தக் கடிதம். நீ அனுப்பிய கோயம்புத்தூர் சரவணம்பட்டி அபார்ட்மெண்ட் படங்களைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது, பால்கனிகூடப் பெரியது. ஆனால் அங்கே நீ குடியிருக்கப்போவதில்லை, வாடகைக்கு விடப்போகிறாய். அப்படியென்றால் முதலில் கணக்கைப் பார்க்கணும்.

விலை 60 லட்சம், வாடகை 16 ஆயிரம் வரும் என்கிறார் புரோக்கர். கைமாறும் பழைய வீடு என்பதால் முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 5 லட்சத்து 40 ஆயிரம் பத்திர ஆபீஸிலேயே போய்விடும். 45 லட்சம் லோன் போட்டால் எட்டரை சதவீத வட்டியில், 20 வருஷத்துக்கு, மாதத் தவணை 39 ஆயிரம். வாடகை போக 23 ஆயிரம் உன் சம்பளத்திலிருந்து கட்டணும், அதுவும் 12 மாதமும் ஆள் இருந்தால். ஒரு மாதம் காலி, சொத்து வரி, ஆள் மாறும்போது பெயிண்ட், சில்லறை ரிப்பேர் எல்லாம் கழித்தால் வருஷத்துக்குக் கையில் நிற்பது ஒன்றரை லட்சம். போட்ட பணத்துக்கு இரண்டரை சதவீதம்கூட இல்லை. விலை ஏறுமே என்பாய். ஏறுவது நிலம்தான், கட்டடம் பழசாகிக்கொண்டே போகும். அந்த நிலத்தில் உன் பங்கு, யு.டி.எஸ்., எத்தனை சதுர அடி என்று நீ அனுப்பியதில் எங்கேயுமே இல்லையே. கேட்டாயா?

இங்கே திருப்பூரில் அனுப்பர்பாளையம் பக்கம் மூன்று சென்ட்டில், வரிசையாக ஒட்டிக் கட்டிய நாலு போர்ஷன் லைன் வீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 42 லட்சம் சொல்கிறார்கள், கொஞ்சம் குறையும். போர்ஷனுக்கு 4,500 வாடகை. ஒன்று காலியானாலும் மற்ற மூன்றில் பணம் வரும், அபார்ட்மெண்ட்டில் அந்தப் பேச்சே இல்லை. பார்க்க அழகாக இருக்காது. ஓடு போட்டது, பாத்ரூம் பொது. உன் ஃபிரெண்ட்ஸிடம் படம் காட்ட முடியாது.

வேலையும் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. போன சித்திரையில், நாம் வாடகைக்கு விட்டிருக்கும் லைன் வீட்டில் தண்ணீர் மோட்டார் காயில் எரிந்துவிட்டது. ராத்திரி ஒன்பது மணிக்கு எல்லா வீட்டுப் பெண்களும் குடத்தோடு நம் வாசலில். காயில் கட்டி வரும்வரை லாரித் தண்ணீர் இறக்கினேன், அந்த மாத வாடகையில் பாதி அதற்கே போயிற்று. பெங்களூரில் இருந்துகொண்டு இதைச் செய்ய முடியாது. அதனால்தான் முதல் வீடு நம்மில் ஒருத்தர் வண்டியை எடுத்தால் போய்ச் சேரும் தூரத்தில் இருக்கட்டும் என்கிறேன். வாடகை வசூலிக்கப் போவதும் இங்கே ஞாயிறு காலையில்தான். பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம் சனிக்கிழமை, திங்கட்கிழமை போனால் பாதிப் பணம் செலவாகியிருக்கும். தீபாவளி போனஸ் வாங்கி ஊருக்குப் போகிறவர்களில் சிலர் திரும்பி வருவதில்லை, ஐப்பசி கார்த்திகையில் ஒரு போர்ஷனாவது காலியாகும். அதையும் கணக்கில் வைத்துக்கொள்.

போக்கியத்துக்குக் கேட்டு வருவார்கள். மூன்று லட்சம் மொத்தமாகத் தருகிறோம், மாத வாடகை வேண்டாம் என்பார்கள். லோன் கட்டுகிறவளுக்கு ஆசையாகத்தான் இருக்கும். வாங்காதே. காலி செய்யும் அன்றைக்கு அந்த மூன்று லட்சத்தை எண்ணி வைக்கணும், அது உன்னிடம் இருக்காது.

வாய்ப்பேச்சில் வாடகைக்கு விடும் காலம் போய்விட்டது. 2019-லிருந்து நடப்பில் உள்ள சட்டப்படி ஒப்பந்தம் எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யணும். அட்வான்ஸும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. பாக்கி வைத்தார்கள் என்று தண்ணீரையும் கரண்ட்டையும் நிறுத்தவும் முடியாது. நியாயம்தான், கைக்குழந்தை இருக்கும் வீடுகள். போர்ஷனுக்கு ஒரு மீட்டர் இருந்தால் பாதிச் சண்டை குறையும், அரசாங்கம் தரும் இலவச யூனிட்டும் குடியிருப்பவருக்கே போய்ச் சேரும். விலைக்கு வந்திருக்கும் லைன் வீட்டில் இப்போது ஒரே மீட்டர்தான். விலை பேசும்போது இதைச் சொல்லிக் குறைக்கணும்.

வருமான வரிக்கு, வாடகையில் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதம் பில் இல்லாமலே கழித்துத் தருவார்கள். லோன் வட்டியை எப்படிக் காட்டுவது என்பதை உன் ஆடிட்டரிடம் கேள். புது வரி முறையில் வாடகைக் கணக்கில் வரும் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது.

அந்த லைன் வீட்டின் மூலப்பத்திரமும் 30 வருஷ வில்லங்கச் சான்றும் வக்கீலிடம் கொடுத்திருக்கிறேன். பின்னால் இரண்டு போர்ஷன் பிளானில் இல்லாமல் கட்டினதோ என்று அவருக்குச் சந்தேகம். அவர் சொல்லும்வரை ஒரு ரூபாய் அட்வான்ஸ் கிடையாது என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். நீயும் அந்தப் புரோக்கருக்கு எதுவும் அனுப்பிவிடாதே.

அடுத்த ஞாயிறு மாப்பிள்ளையோடு வா, காலையில் போய்ப் பார்க்கலாம். செப்டிக் டேங்க் மூடியைத் திறந்து காட்டச் சொல்லியிருக்கிறேன். நல்ல சேலை கட்டிக்கொண்டு வராதே.

அன்புடன்,
அம்மா